தம்பி தானாகச் சொன்னது

போலீஸ்காரனிடம் சொல்லியிருந்தால் என் தம்பி தப்பித்திருப்பான். இதை எனக்கு விளக்கியவர் அவனுக்காகக் கோர்ட் நியமித்த வக்கீல். ஈப்போவில், கோர்ட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ஒரு டிஷ்யூ தாளை விரித்து நடுவில் கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் போலீஸ். அவர்களிடம் ஒருவன் ‘நான்தான் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டால் அது அவனுக்கு எதிரான சாட்சியாகக் கோர்ட்டில் நிற்காது. அடித்து வாங்கியிருப்பார்களோ என்ற சந்தேகம்தான். அந்தப் பக்கம் மற்ற எல்லாரும். அவர்களிடம் ஒப்புக்கொண்டது நிற்கும். ஆனால் யாரும் மிரட்டாமல், ஆசை காட்டாமல், அவனாகவே சொல்லியிருக்க வேண்டும். என் தம்பி ஒப்புக்கொண்டது சிறைச்சாலையில் அவனைப் பார்க்க வந்த சைக்காலஜிஸ்ட்டிடம்.

“என்னா சட்டம்லா இது?” என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைச் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். “ஒதைக்கிறவன்கிட்ட சொன்னா செல்லாது. ஆறுதல் சொல்ல வந்தவங்ககிட்ட சொன்னா தூக்குக் கயிறா?”

“மெதுவாக்கா,” என்றார் வக்கீல். என் மகன் வயது இருக்கும் அவருக்கு, எனக்கு மகன் இருந்திருந்தால். “அந்த வாக்குமூலத்த விட்டா அவங்க கையில வேற ஒண்ணும் இல்ல. அத கோர்ட் தள்ளிட்டா உங்க தம்பி வீட்டுக்கு வந்துடலாம். ஏத்துக்கிட்டா கயிறு. கயிறு இல்லாட்டி முப்பது வருஷத்துக்குக் கொறையாது.”

டிஷ்யூ தாளை நான் எடுத்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தோம். அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டாள், அப்பா இருந்தும் இல்லாதவர். பால் மரம் வெட்டப் போய்க்கொண்டே நான்தான் அவனுக்குச் சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், முதுகில் நாலு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். எங்களுக்கு வேலை போனது. நான் ஈப்போவுக்கு வந்து ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போட ஆரம்பித்தேன், இன்றுவரை அதே வேலைதான். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. தம்பி அந்தப் பக்கமே தங்கி, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு என்னோடு வருவான், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவான். இருபது வருடம் இப்படியே போனது.

லோரியில் அவனோடு ஓர் ஆள் இருப்பார். கீழே கிடக்கும் குலைகளை இரும்புக் கம்பியால் குத்தி லோரிக்குள் எறிகிற வேலை. தம்பியைவிட மூன்று வயது பெரியவர், ஒரு மனைவி, பிள்ளை இல்லை. இரண்டு பேரும் சொந்தமில்லை, ஆனால் ‘மச்சான், மச்சான்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு தீபாவளிக்கு அந்த மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கை நான் ஒரு வாரம் வைத்துத் தின்றேன். அந்த ஆள் ஒருநாள் செம்பனைக் காட்டு வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். தலையில் காயம். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தார் என்றார்கள். அவர் குடிப்பார் என்பது ஊருக்கே தெரியும், அதனால் போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. பாடையைத் தூக்கிய நாலு பேரில் என் தம்பியும் ஒருவன். அந்த மனைவியைவிட இவன்தான் அதிகமாக அழுதான். “கூடப் பொறந்தவன்கூட இப்படி அழமாட்டான்” என்று சனம் பேசியது. நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது இப்போது நினைத்தால்.

அதற்குப் பிறகு அவன் சனிக்கிழமைகளில் வருவது குறைந்தது. வந்தாலும் பூசைக்கு வரமாட்டான். கண் உள்ளே போயிருக்கும். கேட்டால் “தூக்கம் வரலக்கா” என்பான். தூங்குவதற்காக எதையோ புகைத்தானோ, தூங்காமல் இருப்பதற்காகப் புகைத்தானோ, ஒரு நாள் போலீஸ் பிடித்தது. போதைப்பொருள் வழக்கில் சில மாதச் சிறை. நான் அழவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதிகூட. உள்ளே இருந்தால் அந்தச் சனியனை விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

உள்ளே போய் அவன் சாப்பாட்டை விட்டுவிட்டான். சுவரில் தலையை மோதிக்கொள்கிறான் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் அந்த சைக்காலஜிஸ்ட்டை முதலில் பார்த்தேன். தமிழ்ப் பெண், முப்பதைத் தாண்டியிருக்காது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கோப்பு. “அக்கா, அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறார். நீங்க வந்துட்டுப் போனா மட்டும் ரெண்டு வாய் சாப்பிடுறாராம்” என்றாள். சின்ன வயதில் எப்படி இருந்தான், அம்மா எப்போது இறந்தாள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, “நான் பாத்துக்கிறேன்க்கா” என்றாள். அவ்வளவுதான். அவள் சொன்னது இதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. இதைக் கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு நான் வேறு மாதிரி சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து உட்கார்ந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. ஃபோனை எடுத்தேன்.

“ஏன்டா அந்த மிஸ்கிட்ட பேச மாட்டேங்குற?”

“பேசினா பைத்தியம்னு எழுதி தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க. நான் போமாட்டேன்.”

பேராக் மாநிலத்தில் பிறந்த தமிழனுக்கு, மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர்ப் பெயர் போதும். சின்ன வயதில் அடம் பிடித்தால் நானே அவனை மிரட்டியிருக்கிறேன், ‘தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸுல ஏத்தி விட்டுடுவேன்’ என்று. ஊரில் யார் கொஞ்சம் கிறுக்குத்தனம் செய்தாலும் அதுதான் பேச்சு. அங்கே போய்க் குணமாகி வந்து, வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் வாய் சும்மா இருந்ததா எங்களுக்கு?

“பைத்தியம்னு யாருடா சொன்னது? மனசுல இருக்கிறத கேக்க வந்திருக்கு அந்தப் புள்ள. ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ற மாதிரி நெனச்சுக்க. வெளிய போகாது.”

“வெளிய போகாதா?”

“போகாதுடா. சத்தியமா போகாது. அவங்க தொழிலே அதுதான். ஃபாதர் யார்கிட்டயாவது சொல்வாரா?”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் “சரிக்கா” என்றான். எனக்கு மனதில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏதாவது பெண் விவகாரம், இல்லை அந்தப் புகை. இதைக் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் ஜனத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மாதிரி ரகசியம்தான். தோட்டத்துக்கு மாதம் ஒரு தடவை பாதிரிச் சாமியார் வருவார். கோயிலுக்கு வெளியே வரிசையில் நிற்போம், ஒவ்வொருவராக உள்ளே போய் முழங்காலிட்டுச் சொல்லிவிட்டு வருவோம். குடித்தது, அடித்தது, எங்களை வேலை வாங்கும் மண்டோரின் தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கியது, எல்லாம் அவர் காதில் விழும், அங்கேயே நிற்கும். பாவத்தைக் கேட்பதற்கென்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் அது வெளியே போகாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தண்ணீர் ஈரமாக இருக்கும் என்பதைப் போல அது தெரிந்த விஷயம்.

மறுநாள் அவன் சொன்னான். என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்பதெல்லாம் அந்தப் பெண் எழுதிய அறிக்கையில் இருந்தது. கோர்ட்டில் அதை மலாயில் படித்தார்கள், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அறைக்குள் வந்ததும் அவன் நாற்காலியில் உட்காராமல் முழங்காலிட்டானாம். சிலுவை அடையாளம் போட்டானாம். அவள் பதறி எழுந்து, “எந்திரிங்க, உக்காருங்க” என்றிருக்கிறாள். அப்புறம், முதல் நாளே படித்துக் கையெழுத்து வாங்கிய தாளை மறுபடி படித்திருக்கிறாள். அவன் பேசுவதில் யாருக்காவது ஆபத்து இருந்தால், பெரிய குற்றம் இருந்தால், அவள் மேலே சொல்லியாக வேண்டும் என்று அதில் இருந்தது. “புரியுதா?” என்று கேட்டிருக்கிறாள். “புரியுது மிஸ், பரவால்ல” என்றிருக்கிறான். அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? அக்கா சத்தியம் செய்த பிறகு தாளில் என்ன இருந்தால் என்ன.

கூலியைப் பற்றிப் பேச்சு முற்றி, இரண்டு பேரும் குடித்திருந்த நேரத்தில், குலை குத்தும் கம்பியால் மச்சானின் தலையில் ஓங்கி அடித்தான். அவர் விழுந்தார். இவன் பயந்துபோய் அவரை இழுத்துக்கொண்டுபோய் வாய்க்காலில் போட்டான். அப்புறம் அவன் சொன்னதுதான் அவனையே கவிழ்த்தது. “போடும்போது மூச்சு இருந்துச்சு மிஸ். எனக்குத் தெரியும். தண்ணியில கொப்புளம் வந்துச்சு. நான் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

சொல்லி முடித்துவிட்டு, “இப்ப நான் என்னா செய்யணும் மிஸ்?” என்று கேட்டிருக்கிறான். ஃபாதர் பரிகாரமாகச் செபம் கொடுப்பாரே, அதற்காகக் காத்திருந்திருக்கிறான். அதைக் கேட்டபோது கோர்ட்டில் என் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயது ஆம்பிள்ளை, ஒரு கொலையைச் சொல்லிவிட்டு எத்தனை அருள்நிறை மரியே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு அவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டானாம். அதுவும் அறிக்கையில் இருந்தது.

அந்தப் பெண் மேலே சொன்னாள். போலீஸ் வந்தது. செய்தி எனக்கு வந்தபோது கையில் யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சட்டை இருந்தது, அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்று துணி கருகிவிட்டது. மறுநாளே சிறைச்சாலைக்குப் போய், கார் நிறுத்தும் இடத்தில் அவளைப் பிடித்தேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். “நல்லா இருப்பியா நீ? வெளிய சொல்றதுக்கா கேட்ட? போலீஸ் சம்பளமும் வாங்குறியா?” அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “நான் ரெண்டு தடவ வாசிச்சேன்க்கா. ரெண்டு தடவ கேட்டேன்க்கா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் காறித் துப்பிவிட்டு வந்தேன். அவள்மேல் படவில்லை, தரையில்தான்.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வர நாளாயிற்று. வந்ததும் வக்கீல் அந்த வாக்குமூலத்தைத்தான் முதலில் எதிர்த்தார். விசாரணைக்குள்ளே ஒரு விசாரணை நடக்கும், அதில் ஒரே கேள்வி, அவன் தானாகச் சொன்னானா என்பதுதான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தூங்காமல், தின்னாமல், சுவரில் முட்டிக்கொண்டு, செத்தவன் மூச்சு காதில் கேட்க ஒரு வருடம் இருந்தவன் எதைத் தானாகச் செய்வான்? இதை அவரிடம் கேட்டேன். “அது உள்ள இருந்து வர்ற நெருக்கடிக்கா. சட்டம் அத பாக்காது. வெளியில இருந்து, அதிகாரத்துல இருக்கிற ஒருத்தர் ஆசை காட்டினாங்களா, மிரட்டினாங்களா, அத மட்டும்தான் பாக்கும்” என்றார்.

பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். “வெளிய போகாதுன்னு உங்க தம்பிகிட்ட யார் சொன்னது?”

நான் அவர் மூடிய பேனாவையே பார்த்தேன்.

“உங்களுக்கு நான் சொல்லித் தரக்கூடாதுக்கா. சட்டத்த மட்டும் சொல்றேன். அந்த மிஸ் ஜெயில் சார்பா வந்தவங்க. அவங்க சொல்லியிருந்தா, இல்ல உங்கள விட்டு சொல்லச் சொல்லியிருந்தா, நாம வாதாட எடம் இருக்கு. நீங்களா சொல்லியிருந்தா, நீங்க வெறும் அக்கா. அதிகாரத்துல இருக்கிற ஆள் இல்ல.”

வெறும் அக்கா! அவனைப் பெறாமல் வளர்த்தவள் நான். பத்து வயதில் அவன் கடையில் திருடின மிட்டாயைத் திருப்பிக் கொடுக்க வைத்தவள், அவனுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை வேண்டாம் என்று தட்டிவிட்டவள். நாற்பது வயதிலும் அவன் சம்பள உறையைப் பிரிக்காமல் என் கையில்தான் கொடுப்பான். இந்த உலகத்தில் அவன்மேல் யாருக்காவது அதிகாரம் இருந்தது என்றால் எனக்குத்தான் இருந்தது. ஜெயில் வார்டர் சொன்னால் தலையாட்டுவான், நான் சொன்னால் செய்வான். சட்டத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவனை விட்டிருப்பார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வக்கீல் பேனாவை மூடியபோதே முடிவு செய்துவிட்டேன்.

விசாரணை நாளில் கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் அந்த மனைவி உட்கார்ந்திருந்தாள், செத்தவரின் மனைவி. முறுக்கு கொடுத்தனுப்பியவள். நான் வேறு பக்கம் போகப் பார்த்தேன், அவளே எழுந்து வந்துவிட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். வரட்டும், எனக்கும் வாய் இருக்கிறது. அவள் கேட்டது வேறு.

“அக்கா, அவருக்கு மூச்சு இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நெஜமா?”

நான் கோர்ட் கதவைப் பார்த்தேன்.

“நான் அன்னைக்கு நேரத்தோட தேடிப் போயிருக்கலாம். வழக்கமா குடிச்சிட்டு எங்கயாவது கெடப்பாருன்னு விட்டுட்டேன். தேடியிருந்தா இருந்திருப்பாரோ என்னமோ” என்றாள். அழவில்லை, வாங்க மறந்த சாமானைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். உள்ளே கூப்பிட்டார்கள். நான் அவளை அங்கேயே விட்டுவிட்டுப் போனேன்.

முதலில் அந்த சைக்காலஜிஸ்ட் கூண்டில் ஏறினாள். எதையும் மறைக்கவில்லை. தாளைக் காட்டினாள், இரண்டு தடவை படித்ததைச் சொன்னாள். வெளியே போகாது என்று சொன்னீர்களா என்று எங்கள் வக்கீல் கேட்டார். இல்லை என்றாள். அக்காவிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். “பாத்துக்கிறேன்னு சொன்னேன்” என்றாள். உண்மை. அத்தனையும் உண்மை.

அடுத்தது நான். பைபிள் எதுவும் தரவில்லை, அட்டையில் இருந்ததைப் படித்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. வக்கீல் கேட்டார், நான் சொன்னேன். அந்தப் பெண்தான் என்னிடம் வந்து, சொன்னால் வெளியே போகாது, கேஸ் ஒன்றும் ஆகாது, சீக்கிரம் வெளியே விட எழுதுவேன், தம்பியிடம் சொல்லுங்கள் என்றாள். நான் அதை அப்படியே அவனிடம் சொன்னேன். அவளைக் கையால் காட்டி, “இவங்கதான்” என்றேன். அவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அன்றைக்குக் கார் பக்கத்தில் பார்த்த அதே பார்வை. அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து அரைமணி நேரம் குடைந்தார். இதை ஏன் போலீஸிடம் சொல்லவில்லை என்றார். போலீஸ் கேட்கவில்லை என்றேன். எந்தத் தேதி, எந்த இடம், கூட யார் இருந்தது என்றார். அசையவில்லை நான். பொய் சொல்வது கஷ்டம் என்பார்கள், எனக்கு உண்மை சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். இறங்கும்போது எங்கள் வக்கீல் என்னைப் பார்க்கவே இல்லை. நீதிபதி அம்மா நிறைய எழுதிக்கொண்டிருந்தார். நமக்குச் சாதகமாகத்தான் எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது குற்றவாளிக் கூண்டில் என் தம்பி எழுந்து நின்றான். அவனைப் பேச விட வேண்டாம் என்று வக்கீல் முன்பே முடிவு செய்திருந்தார். போலீஸ்காரர் அவன் தோளை அழுத்தினார், அவன் உட்காரவில்லை.

“அம்மா, எங்கக்கா சொல்றது சரியில்ல” என்றான்.

“உக்காருடா!” என்று கத்தினேன். கோர்ட் என்பது மறந்துவிட்டது. என்னை வெளியே அனுப்பிவிடுவதாக எச்சரித்தார்கள். வக்கீல் தள்ளிவைக்கச் சொல்லி, அவனோடு தனியாகப் பேசினார். என்ன பேசினாரோ, மறுநாள் காலை அவனையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அவன் கேட்கவில்லையாம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சையும் கேட்கவில்லை, வக்கீல் பேச்சையும் கேட்கவில்லை.

அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார், அந்த மிஸ் ஏதாவது வாக்குக் கொடுத்தார்களா? இல்லை. மிரட்டினார்களா? “இல்ல, அவங்க பாவம்.” வெளியே போகாது என்று யார் சொன்னது? அவன் என்னைப் பார்த்தான். “அக்கா சொன்னாங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சொன்னாங்க. அவங்க சொல்லலைன்னாலும் நான் சொல்லித்தான் இருப்பேன். எனக்கு சொல்லணும்னு இருந்துச்சு. தாள்ல எழுதியிருந்தது எனக்கு புரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன்.” அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பின்னால் அந்த மனைவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

தீர்ப்பு வந்தது. யாரும் ஆசை காட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் தானாக மனமுவந்து சொன்னது, ஏற்கப்படுகிறது. என் சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை என்று ஒரே வரி. என்மேல் வழக்குப் போடலாம் என்று பயந்தேன், போடவில்லை. அக்காதானே என்று விட்டிருப்பார்கள். அதன்பின் பெரிய விசாரணையில் எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. கயிறு இல்லை என்றார் நீதிபதி அம்மா. முப்பது வருடம், பன்னிரண்டு பிரம்படி. வக்கீல் என் தோளைத் தொட்டு, “உயிர் தப்பிச்சுதுக்கா” என்றார். தப்பித்ததாமே. அவன் எப்போது வருவான் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் இருக்கமாட்டேன்.

போன மாதம் பார்க்கப் போனேன். சதை போட்டிருக்கிறான், முகத்தில் ஒரு தெளிவு. நெற்றித் தழும்பு மட்டும் இருக்கிறது. ஃபோனை எடுத்ததும் முதல் கேள்வி, “அந்த மிஸ்கிட்ட மன்னிப்பு கேட்டியாக்கா?”

“கேக்கல.”

“கேளுக்கா. அந்தப் புள்ளைய நீ கைய காட்டி சொல்லிட்ட. அது வேலைய விட்டு நின்னுடுச்சாம்.”

எனக்கு அது தெரியாது. ஆனாலும் வீம்பு விடவில்லை. “ஒன்ன காட்டிக் குடுத்தவ அவ” என்றேன்.

“ஃபாதர்கிட்டயாவது போனியா?”

“போயி என்னா சொல்றது? பொய் சொன்னேன், அதுக்கு நான் வருத்தப்படல, மறுபடி ஏத்தினாலும் அதையேதான் சொல்வேன்னா? எந்திரிச்சு வெளிய போம்மான்னுடுவாரு.”

அவன் சிரித்தான். எத்தனை வருடமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. எனக்கும் சிரிப்பு வந்து, அப்படியே அழுகையாகிவிட்டது. “ஏன்டா எந்திரிச்ச? ஒரு வார்த்த பேசாம உக்காந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பியேடா. நான் சொல்லலைன்னாலும் நீ சொல்லியிருப்பேன்னு கோர்ட்டுல சொன்னியே, அத நெனச்சுத்தான்டா நான் ஏதோ மனச தேத்திக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

அவன் ஃபோனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, எனக்கு ஒரு நல்ல சேதி சொல்கிறவனைப் போல, முகமெல்லாம் மலர்ந்து சொன்னான்.

“அது சும்மா சொன்னதுக்கா. பொய் சாட்சின்னு ஒன்னைய புடிச்சு உள்ள போட்டுடுவாங்களோன்னு. நீ சொல்லித்தானே நான் சொன்னேன்? இல்லாட்டி சாகுற வரைக்கும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். இப்ப நல்லா தூங்குறேன்க்கா. ஒனக்குத்தான் நன்றி சொல்லணும்.”